அத்தியாயம் 7: ‘இல்லை’ என்று சொல்லும் முன்

கேரளத்தின் தெற்கெல்லையில் உள்ள பாறசாலைச் சந்திப்பில், பழைய நிலப் பத்திரங்களை ஸ்கேன் செய்து பாதுகாத்துத் தரும் ஒரு கணினி மையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த மையத்தின் கணினியில்தான் நடக்கிறது. எல்லைப்புற ஊர் ஒன்றின் பத்திரங்களை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதற்கு முன் எல்லாமே திருவிதாங்கூர்-கொச்சியில், அதற்கும் முன் திருவிதாங்கூரில் இருந்தன. ஆகவே தாத்தா எழுதிய பிரமாணம் (மூலப் பத்திரம்) ஒன்றாக இருக்கும். அதிலிருந்து பிரிந்த பாகங்களில் ஒன்றுக்குக் கேரளப் பக்கம் காரோட்டில் கரம் (நிலவரி) தீர்த்த ரசீதும், மற்றொன்றுக்கு விளவங்கோட்டுப் பக்கம் பட்டாவும் இருக்கும். ஒரே குடும்பத்தின் தாள்கள் இரண்டு மாநில அலுவலகங்களின் முத்திரைகளோடு, தமிழிலும் மலையாளத்திலும் வந்து சேரும்.

பத்திரம் தேடி ஓர் அம்மா வருகிறார். மையத்தில் இருப்பவர் பெயரைத் தட்டுகிறார். உங்கள் நிரல் வட்டில் தேடிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். “அம்மா, உங்க பிரமாணம் இங்க இல்ல” என்று அவர் சொன்னால், அந்த அம்மா சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், சான்றிட்ட நகலுக்கு மனு எழுதி, கட்டணம் கட்டி, காத்திருக்க வேண்டும். பழைய ஆவணம் எல்லையின் எந்தப் பக்க அலுவலகத்தில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் அலைச்சல் இரட்டிப்பு. கோப்பு வட்டிலேயே இருந்து, அதைப் பார்க்க முடியாததால் உங்கள் நிரல் ‘இல்லை’ என்று சொல்லியிருந்தால், அந்த அலைச்சலுக்கு நிரல் எழுதிய நீங்கள்தான் பொறுப்பு. அப்படி நடக்காமல் எழுதக் கற்றுக்கொள்வதே இந்த அத்தியாயத்தின் வேலை.

எந்த நூலகம்

நாம் பயன்படுத்துவது சி++ மொழியின் ஃபைல்சிஸ்டம் நூலகம். எல்லையின் இரு பக்கமும் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ இருக்கிறது; ஆனால் கோப்பைத் திறந்து படிப்பது, எழுதுவதைத் தாண்டி, அதன் வகையையும் நிலையையும் விசாரிக்கும் வேலைக்கு அந்தப் பாடம் போதாது. இந்த நூலகம் பூஸ்ட் தொகுப்பில் பீமன் டாஸ் எழுதியதிலிருந்து வளர்ந்து, 2015-இல் தனித் தொழில்நுட்ப வரையறையாக வெளிவந்து, சி++17 தரத்தில் மொழியோடு சேர்ந்தது. ஜிசிசி 9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் தனியாக எதையும் இணைக்க வேண்டாம். மொழித் தரம் 17 என்று மட்டும் சொன்னால் போதும். ஜிசிசி 8-இல் நூலகத்தைத் தனியே இணைக்கச் சொல்ல வேண்டும். செயற்கூறுகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நிரலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

ஒரு கேள்விக்கு எத்தனை பதில்

புதிதாக எழுதுகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது எக்ஸிஸ்ட்ஸ் என்ற செயற்கூறு. பாதையைக் கொடுத்தால் உண்டு, இல்லை என்று சொல்கிறது. அதோடு வேலை முடிந்ததாக நினைக்கிறோம். ஆனால் அதற்கு அடியில் வேலை செய்வது ஸ்டேட்டஸ். கோப்பின் நிலைக்கு நூலகம் வைத்திருக்கும் பதில் இரண்டு வகையல்ல, பத்து வகை: சாதாரணக் கோப்பு, கோப்புறை, சிம்லிங்க் (வேறொரு பாதையைச் சுட்டும் கோப்பு), பிளாக் சாதனம், கேரக்டர் சாதனம், ஃபிஃபோ, சாக்கெட் ஆகிய ஏழும் பொருளின் வகையைச் சொல்பவை. மீதி மூன்றில்தான் நம் கவனம் இருக்க வேண்டும்.

நாட்_ஃபவுண்ட் என்றால் அந்தப் பாதையில் எதுவும் இல்லை. அன்நோன் என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் அது இன்னது என்று சொல்ல முடியவில்லை. நன் என்றால் விசாரணையே தோற்றுப்போனது. இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. இந்த மூன்றையும் ‘இல்லை’ என்ற ஒரே பெட்டியில் போடும் நிரல்தான் பாறசாலை அம்மாவை அலைய வைக்கிறது.

நன் எப்போது வரும்? மிகச் சாதாரணமான வழி, அனுமதிச் சிக்கல். லினக்ஸில் ஒரு கோப்பின் நிலையை அறிய அந்தக் கோப்பைப் படிக்கும் அனுமதி தேவையில்லை. அதற்குப் போகும் வழியில் உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் நுழையும் அனுமதி வேண்டும். மையத்தின் பழைய பணியாளர் தம் கணக்கில் உருவாக்கிய ‘செங்கல்’ என்ற ஊரின் கோப்புறையைத் தமக்கு மட்டும் என்று வைத்துவிட்டுப் போயிருந்தால், புதியவரின் கணக்கில் ஓடும் நிரலுக்கு உள்ளே இருக்கும் எதைப் பற்றியும் தெரியாது. சிம்லிங்க்குகள் ஒன்றையொன்று சுற்றிச்சுற்றிக் காட்டினாலும், வட்டு பழுதாகிப் படிக்க முடியாவிட்டாலும் இதே பதில்தான்.

பிழையை வாங்கிக்கொள்ளும் முறை இரண்டு. பாதையை மட்டும் கொடுத்து அழைத்தால், நன் வரும் இடத்தில் நூலகம் விதிவிலக்கு எறியும். நீங்கள் பிடிக்காவிட்டால் நிரல் நின்றுவிடும். கூடவே ஒரு பிழைக்குறி மாறியையும் கொடுத்தால், விதிவிலக்கு வராது. காரணம் அந்த மாறியில் விழும். மக்கள் முன் இயங்கும் நிரலுக்கு இரண்டாவது முறையே ஏற்றது. ஆனால் அதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஸ்டேட்டஸ் செயற்கூறு, கோப்பு வெறுமனே இல்லாதபோதும் பிழைக்குறியில் எண்ணை வைக்கும். ஆகவே பிழைக்குறி நிரம்பியிருக்கிறது என்பதை வைத்தே ‘கோளாறு’ என்று முடிவு கட்டக்கூடாது. திரும்பி வந்த வகையை முதலில் பாருங்கள். எக்ஸிஸ்ட்ஸ் அப்படியல்ல. உறுதியாகத் தெரிந்த இல்லாமைக்கு அது பிழைக்குறியைத் துடைத்துவிடும். அதாவது எக்ஸிஸ்ட்ஸ் பொய் என்று சொல்லி, பிழைக்குறியும் வெறுமையாக இருந்தால் அந்தப் பாதையில் கோப்பு இல்லை. பொய் என்று சொல்லி, பிழைக்குறி நிரம்பியிருந்தால் நூலகத்துக்கே தெரியவில்லை.

போலிக்குறிமுறையில் இப்படி வரும்:

நிலை = ஸ்டேட்டஸ்(பாதை, பிழை)
வகை நன் எனில்: “பார்க்க முடியவில்லை” என்று காட்டு, பிழையின் காரணத்தைப் பதிவேட்டில் எழுது
வகை நாட்_ஃபவுண்ட் எனில்: அடுத்த சோதனைக்குப் போ
வகை சாதாரணக் கோப்பு எனில்: அளவைப் பார்
வேறு எதுவாயினும்: “இது ஆவணம் அல்ல” என்று பதிவேட்டில் எழுது

மூன்றாவது வரியில் ‘இல்லை என்று காட்டு’ என்று எழுதாமல் அடுத்த சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். அதன் காரணத்தை இனிப் பார்ப்போம்.

சுட்டிக்காட்டும் கோப்பு, சுட்டப்படும் கோப்பு

தாத்தாவின் பிரமாணம் ஒன்று. அதிலிருந்து வந்த பாகங்கள் நான்கு குடும்பங்களின் கோப்புறைகளில். ஒவ்வொன்றிலும் மூலப் பத்திரத்தின் நகலை வைத்தால் வட்டு நிரம்பும். ஒன்றைத் திருத்தினால் மற்றவை திருந்தாது. ஆகவே மூலத்தை ‘முன் ஆவணங்கள்’ என்ற கோப்புறையில் ஒருமுறை வைத்து, மற்ற இடங்களில் அதற்குச் சிம்லிங்க் போடுவது நல்ல ஏற்பாடு.

இங்கே ஸ்டேட்டஸ் சிம்லிங்க்கைப் பின்தொடர்ந்து போய், அது சுட்டும் கோப்பின் நிலையைச் சொல்லும். சிம்லிங்க்_ஸ்டேட்டஸ் பின்தொடராது; சிம்லிங்க்கின் நிலையையே சொல்லும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் முழு உண்மை கிடைக்கும். முன் ஆவணங்கள் வேறொரு வெளி வட்டில் இருந்து, அந்த வட்டைக் கழற்றிவிட்டால், முதல் செயற்கூறு நாட்_ஃபவுண்ட் என்கிறது; இரண்டாவது சிம்லிங்க் என்கிறது. இந்தச் சேர்க்கைக்குப் பொருள்: அறுந்த சிம்லிங்க். பத்திரம் தொலைந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. எங்கே தேட வேண்டும் என்பது அந்தச் சிம்லிங்க்கிலேயே எழுதியிருக்கிறது. ரீட்_சிம்லிங்க் மூலம் அந்த இலக்குப் பாதையை எடுத்து, “மூலம் இன்ன வட்டில் உள்ளது, வட்டை இணைக்கவும்” என்று திரையில் காட்டுங்கள்.

எக்ஸிஸ்ட்ஸ் மட்டும் எழுதிய நிரல் இந்த இடத்தில் இன்னொரு கெடுதலும் செய்யும். ‘இல்லை’ என்று கேட்டதும் அதே பெயரில் புதிய கோப்பை உருவாக்க முனையும். சிம்லிங்க் இருப்பதால் எழுதுவது அதைத் தொடர்ந்து வேறெங்கோ போகும், அல்லது தோற்கும். உருவாக்கும் முன் சிம்லிங்க்_ஸ்டேட்டஸையும் கேட்பது இதைத் தடுக்கும்.

விண்டோஸிலிருந்து எடுத்துவந்த பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட் அல்லது எக்ஸ்ஃபேட் அமைப்பில் இருக்கும். அவற்றில் சிம்லிங்க் போட முடியாது. லினக்ஸில் இணைக்கும்போது அவற்றின் கோப்புகளுக்குக் காட்டப்படும் அனுமதிகளும் இணைக்கும் நேரத்தில் ஒட்டுமொத்தமாகத் தரப்படுபவைதாம். அவற்றை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

வட்டே இல்லாதபோது

நூலகம் தரும் நாட்_ஃபவுண்ட் என்ற பதில், கொடுத்த பாதையைப் பற்றிய உண்மை மட்டுமே. பத்திரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. வெளி வட்டை ஒரு நிலையான கோப்புறையில் ஏற்றும்படி அமைத்திருந்தால், வட்டைக் கழற்றிய பிறகும் அந்தக் கோப்புறை நிற்கும். எக்ஸிஸ்ட்ஸைக் கேட்டால் கோப்புறை இருக்கிறது என்று சொல்லும், ஈஸ்_டைரக்டரி மெய் என்று சொல்லும், ஈஸ்_எம்ப்டியும் மெய் என்று சொல்லும். உள்ளே தேடும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் நாட்_ஃபவுண்ட் வரும், பிழை எதுவுமில்லாமல். உபுண்டு திரையிலிருந்து தானாக ஏற்றும்போது வேறொரு சிக்கல்: ஒரே பெயருள்ள இரண்டு வட்டுகளைச் செருகினால் இரண்டாவதன் பெயருக்குப் பின்னால் எண் ஒட்டிக்கொண்டு பாதை மாறிவிடும்.

இதற்கு எளிய மருந்து உண்டு. ஒவ்வொரு வட்டின் உச்சியிலும் ஓர் அடையாளக் கோப்பை வையுங்கள். உள்ளே வட்டின் பெயரும் அது எந்த ஊர்ப் பத்திரங்களுக்கு உரியது என்பதும் இருக்கட்டும். தேடும் முன் நிரல் அந்த அடையாளக் கோப்பைப் பார்க்க வேண்டும். அது கிடைத்து, பத்திரம் மட்டும் கிடைக்காதபோதே அடுத்த கட்டமான பெயர்ச் சோதனைக்குப் போக வேண்டும். அடையாளக் கோப்பே கிடைக்கவில்லை என்றால் ‘வட்டு இணைக்கப்படவில்லை’ என்பதுதான் பதில்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

எல்லைப்புறத்தில் நிரல் எழுதுகிறவர்கள் மற்ற எந்த இடத்தையும்விட அதிகம் கவனிக்க வேண்டியது இந்தப் பகுதியைத்தான்.

எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள கொல்லங்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கொல்லங்கோடு’ என்ற பெயரில் கொகரமும் கோகாரமும் உள்ளன. யூனிகோடில் ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம். எகரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். ஓகாரத்துக்கும் அப்படியே. ஆகவே திரையில் ஒரே தோற்றமுள்ள இந்தப் பெயரை நான்கு வெவ்வேறு பைட் வரிசைகளில் சேமிக்க முடியும். யூடிஎஃப்-8-இல் மிகக் குறுகியது 33 பைட், மிக நீண்டது 39 பைட். லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பு இவற்றை நான்கு தனித்தனிப் பெயர்களாகவே பார்க்கும். ஒருவர் தட்டிய பெயரை இன்னொருவர் வேறு விசைப்பலகையில் தட்டித் தேடினால், நாட்_ஃபவுண்ட்.

மலையாளத்தில் நெய்யாற்றின்கர என்ற பெயரிலேயே இதைவிடப் பெரிய பொறி இருக்கிறது. நடுவில் வரும் ‘ன்’ அங்கே சில்லெழுத்து. 2008-இல் வெளிவந்த யூனிகோடு 5.1-தான் சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியெண் தந்தது. அதற்கு முன் நகரத்தோடு சந்திரக்கலையும், கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியும் சேர்த்து எழுதினார்கள். இரண்டு முறையிலும் எழுதிய கோப்புகள் இன்றும் வட்டுகளில் உள்ளன. தமிழின் ஒகர வேறுபாட்டை யூனிகோடின் இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒரே வடிவமாக்கும் முறை) ஒன்றாக்கிவிடும். சில்லெழுத்தின் இந்த இரண்டு வடிவங்களையும் அது ஒன்றாக்காது. அதற்கு நீங்களே மாற்றுப் பட்டியல் எழுத வேண்டும். தமிழில் ஔகாரத்துக்கும் இதே நிலை: ‘கௌ’ என்பதை எகரக் குறியும் ளகர எழுத்துமாகத் தட்டியிருந்தால் இயல்பாக்கம் உதவாது.

சி++ நூலகத்தில் இயல்பாக்கம் இல்லை. ஐசியூ நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் நிரலுக்குள் நுழையும் இடத்திலேயே இயல்பாக்கி, அதன்பின் அந்த வடிவத்தை மட்டுமே வட்டில் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள வட்டுகளுக்கு, பாதையைக் கட்டிக் கேட்பதற்குப் பதிலாகக் கோப்புறையின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயரையும் இயல்பாக்கி ஒப்பிடுங்கள்.

தமிழ்ப் பெயர்களே வேண்டாம், எல்லாவற்றையும் எண்ணில் வையுங்கள் என்று அறிவுரை சொல்வோர் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு எழுத்துத் தொடர்பு கொள்ள இடம் தந்திருக்கிறது. தம் ஊர்ப் பெயரைத் தம் எழுத்தில் பார்க்கும் உரிமையை ஒரு நிரலின் வசதிக்காக யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

நீளத்திலும் கவனம் வேண்டும். எக்ஸ்ட்4-இல் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘நெய்யாற்றின்கரை’ மட்டுமே 45 பைட் எடுக்கும். ஊர், சர்வே எண், கொடுத்தவர், வாங்கியவர் எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதினால் எல்லை எளிதில் தாண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பில் எல்லை 255 குறிகள் என்பதால் அங்கே நன்றாக இருந்த கோப்பு லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது விழும். அந்த நீளப் பெயரைக் கேட்டால் நாட்_ஃபவுண்ட் வராது; பிழையோடு நன் வரும். விண்டோஸில் மற்றொன்று: தமிழுக்கு அங்கே பழைய பாணிக் குறிப்பக்கம் கிடையாது. சாதாரணச் சரத்தில் தமிழ்ப் பெயரைக் கொடுத்தால் நூலகம் அதை வேறு மொழியின் குறிப்பக்கமாகப் படித்து, குழம்பிய எழுத்துகளில் தேடும். யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லிப் பாதையை உருவாக்குங்கள்.

சாதாரணக் கோப்பு என்றால் பத்திரம் ஆகிவிடாது

ஈஸ்_ரெகுலர்_ஃபைல் மெய் என்று சொன்னால், அது கோப்புறையோ சாதனமோ அல்ல என்று மட்டுமே பொருள். பெயரின் வாலில் பிடிஎஃப் என்று இருப்பது எழுதியவரின் விருப்பம். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்குச் சான்று அல்ல. ஸ்கேன் ஓடும்போது மின்சாரம் போனால் சரியான பெயரில் 0 பைட் கோப்பு நிற்கும். ஆகவே ஃபைல்_சைஸ் கேளுங்கள். பிழைக்குறியோடு கேட்டால் அதைப் பார்க்காமல் எண்ணை நம்பாதீர்கள். தோற்றால் அது திருப்பித் தருவது, 64 பிட் கணினியில், 18446744073709551615. ‘பூஜ்யத்துக்கு மேல்’ என்ற சோதனையில் இந்த எண் அமோகமாகத் தேறிவிடும்.

பிறகு முதல் சில பைட்டுகளைப் படியுங்கள். பிடிஎஃப் கோப்பு சதவீதக் குறியோடும் பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளோடும் தொடங்கும். ஜேபெக் 255, 216, 255 என்று தொடங்கும். பிஎன்ஜி 137, 80, 78, 71 என்று. இந்தச் சிறு சோதனை பாதி நகலான கோப்புகள் எல்லாவற்றையும் பிடிக்காது, ஆனால் தவறான வாலோடு வந்தவற்றைப் பிடித்துவிடும்.

ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்தல்

எல்லாக் கோப்புறைகளையும் ஏறி இறங்கிப் பார்க்க ரிகர்சிவ்_டைரக்டரி_இட்டரேட்டர் உள்ளது. நுழைய அனுமதியில்லாத கோப்புறையைக் கண்டால் அது பிழையோடு நின்றுவிடும். நிற்காமல் தாண்டிச் செல்ல ஒரு விருப்பத்தேர்வு உண்டு; இணையத்தில் காணும் உதாரணங்கள் அதை வைத்துக்கொள்ளச் சொல்லும். பத்திர வேலைக்கு அது கூடாது. செங்கல் கோப்புறையைச் சத்தமில்லாமல் தாண்டிவிட்டு, எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லும். ஒவ்வொரு கோப்புறைக்கும் சாதாரண இட்டரேட்டரைப் பிழைக்குறியோடு நீங்களே திறந்து, திறக்க முடியாதவற்றின் பெயர்களைச் சேர்த்து, முடிவில் காட்டுங்கள். எழுத வேண்டிய வரிகள் கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

இட்டரேட்டர் தரும் ஒவ்வொரு பதிவும் சில தகவல்களைத் தன்னிடம் சேமித்து வைத்திருக்கலாம். நீண்ட நேரம் கழித்து அதே பதிவைக் கேட்பதானால் ரிஃப்ரெஷ் அழைத்துவிட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று: பார்த்ததற்கும் செய்வதற்கும் இடையே நிலை மாறலாம். இரண்டு மேசைகளில் இருவர் ஒரே பெயரில் சேமிக்கும்போது, இருவருக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்து, பின்னவர் முன்னவரின் பத்திரத்தை அழித்து எழுதலாம். சி++23-இல் நோரிப்ளேஸ் என்ற திறப்பு முறை வந்திருக்கிறது. கோப்பு முன்பே இருந்தால் திறப்பு தோற்கும். பழைய தொகுப்பியில் சி மொழியின் எஃப்ஓப்பன் செயற்கூறை எக்ஸ் குறியோடு அழைக்கலாம். சி11 தரத்திலிருந்து அது உண்டு.

முன்மேசையில் வைக்கும் முன்

ஒரு சோதனைக் கோப்புறையில் இவற்றை உருவாக்குங்கள்: நல்ல பத்திரம் ஒன்று, 0 பைட் கோப்பு ஒன்று, பிடிஎஃப் என்று பெயர் வைத்த கோப்புறை ஒன்று, அறுந்த சிம்லிங்க் ஒன்று, அனுமதி முழுவதும் எடுக்கப்பட்ட கோப்புறைக்குள் ஒரு பத்திரம், இரண்டு பைட் வரிசைகளில் எழுதிய ‘கொல்லங்கோடு’, இவற்றோடு உண்மையிலேயே இல்லாத ஒரு பெயர். நிரலை ரூட் கணக்கில் ஓட்டாதீர்கள்; ரூட்டுக்கு அனுமதித் தடை பொருந்தாததால் சோதனை பொய்த்துவிடும். கடைசிப் பெயருக்கு மட்டுமே நிரல் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும். வேறு எதற்காவது அந்தச் சொல் வந்தால், அதைச் சரிசெய்யும்வரை அந்த நிரலை மக்களின் பத்திரங்களுக்குப் பயன்படுத்தாதீர்கள்.